சாக்பீஸ் கோட்டிலிருந்து விழுந்தவர்கள்

தேன்மொழி மறுபடியும் விழுந்தாள்.

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் கயிறு. அதிலிருந்தும் ஒருத்தியால் விழ முடியும் என்பது ரமீஸுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஏங்கண்ணு, கீழ பாக்காத, நேராப் பாருன்னு எத்தன தடவ சொல்றது?"

"நேராத்தான் பாத்தேனுங்க சார். காலு நடுங்குதுங்க."

அடுத்து வந்த சின்னுசாமி இரண்டடி வைத்தான், கைகளைக் காற்றாடி மாதிரி சுற்றினான், தொப்பென்று விழுந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் பதினெட்டுப் பேர் விழுவதற்கு வரிசையில் நின்றார்கள்.

சேந்தமங்கலத்தில் அத்தா ஜாபர் உசேனின் பாத்திரக்கடையில் உட்கார மாட்டேன் என்று சண்டை போட்டுவிட்டு, சர்க்கஸ் வித்தை படித்து, அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக் கிளம்பியவன் ரமீஸ். கொல்லிமலையில், குண்டூர் நாடு என்கிற மலைக்கிராமப் பகுதியின் பள்ளிக்கூடம் ஒன்றில் நடக்கும் இந்தப் பத்து நாள் முகாம்தான் அவனுக்குக் கிடைத்த முதல் வேலை. கடைசி நாள் நாமக்கல்லிலிருந்து ஓர் அதிகாரி வருவார். பிள்ளைகள் கயிற்றில் நடந்து காட்டினால், மலையில் இன்னும் பன்னிரண்டு பள்ளிகளில் முகாம். நடக்காவிட்டால் பாத்திரக்கடை.

"கயித்து மேல நடந்து சோறு திங்கப் போறியாடா?" என்று அத்தா கேட்டது வேறு காதிலேயே நின்றது.

முதல் நாள் கயிறு இடுப்பு உயரத்தில் இருந்தது. விழுந்தார்கள். முழங்கால் உயரத்துக்கு இறக்கினான். விழுந்தார்கள். இன்றைக்கு ஒரு சாண். அதற்கும் இந்த லட்சணம். வெறுத்துப்போய், வராந்தாவில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போட்டான்.

"இதுலயாச்சும் நடந்து காட்டுங்க சாமிகளா!"

கோட்டிலிருந்தும் இரண்டு பேர் விழுந்தார்கள்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை சுகுணா எட்டிப் பார்த்தார். "என்னங்க சார், கோட்டுல இருந்து எப்படிங்க விழுவாங்க?"

"அதத்தான் நானும் கேக்கறேன் டீச்சர். இதுகளுக்கு பேலன்ஸுங்கறதே ரத்தத்துல கெடையாது. மலையில பொறந்து என்ன பிரயோசனம்?"

சுகுணா டீச்சர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்தார். பேசாமல் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை. ரமீஸ் ஒரு முடிவோடு எழுந்தான். இருப்பதிலேயே அதிகம் விழுகிறவள் தேன்மொழி. அதிகாரி முன்னால் விழுந்து மானத்தை வாங்கிவிடுவாள். அவளை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். அவள் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று, வழி விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே போனான்.

அம்மா பாப்பாயி தோட்டத்தில், மிளகுக்கொடி சுற்றிய ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நின்றிருந்தாள்.

"அக்கா, நான் சர்க்கஸ் சொல்லித்தர்ற வாத்தியாருங்க. நம்ம தேன்மொழி விசயமா வந்தேன்."

"வாங்க தம்பி. ஏனுங்க, ஏதாச்சும் சேட்டை பண்ணுச்சுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க, நல்ல புள்ள. ஆனா பாருங்க, சில பேருக்கு ஒடம்பு வாகு அப்படி. ஒரு சாண் ஒசரத்துல நிக்க முடியல. கீழ விழுந்து கையக் கால ஒடச்சுக்கிட்டா உங்களுக்குத்தான செரமம்?"

"யாருங்க, நம்ம தேனுங்களா?" பாப்பாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணாந்து குரல் கொடுத்தாள். "ஏ தேனு! உங்க சார் வந்திருக்காரு பாரு!"

ரமீஸும் அண்ணாந்தான்.

நாற்பதடி உயரம். மரத்தில் சாத்திய ஒற்றை மூங்கில். அதன் கணுவில் கட்டைவிரல் வைக்கத்தான் இடம். அங்கே இடுப்பில் மிளகுப் பையைக் கட்டிக்கொண்டு நின்றாள் தேன்மொழி. ஒரு கையில் மிளகுக் கொத்து. மூங்கிலைப் பிடித்திருந்த மற்றொரு கையையும் எடுத்து நெற்றியில் வைத்தாள்.

"குட்மார்னிங் சார்!"

"அய்யோ! புடி! மரத்தப் புடி!" என்று கத்திக்கொண்டே ரமீஸ் பின்னால் நகர்ந்தான். அவனுக்குத்தான் கால் நடுங்கியது.

"தம்பி, பாத்துங்க! பின்னால கூடை இருக்குது, இடறி விழுந்துராதீங்க" என்று பதறினாள் பாப்பாயி.

தேன்மொழி மளமளவென்று இறங்கி வந்து அவன் முன்னால் நின்றாள்.

"அப்ப பள்ளிக்கூடத்துல ஏன் விழுந்த?"

"நான் மட்டும் இல்லீங்க சார், எல்லாருந்தான். யாரு எத்தன தடவ விழுகோணும்னு சின்னுசாமி முறை போட்டுக் குடுத்தானுங்க. கோட்டுல இருந்து விழுந்தாங்களே ரெண்டு பேரு, அது மட்டும் முறையில இல்லீங்க. அதுகளா விழுந்துருச்சுங்க."

"என்னக் கேலி பண்றீங்களா எல்லாரும் சேந்து?" ரமீஸின் குரல் உடைந்துவிட்டது. ஆறு நாளாகத் தூங்காதவனுக்கு அழுகை வராமல் என்ன செய்யும்!

"அய்யோ, இல்லீங்க சார். ஆபீசர் வர்ற அன்னைக்கு ஒருத்தரும் விழுகக் கூடாதுன்னு பேசித்தான் வெச்சிருக்கறோம்."

"அப்புறம் எதுக்குக் கண்ணு இதெல்லாம்?"

"போன வருசம் யோகா சொல்லித்தர ஒரு சார் வந்தாருங்க. அவரும் பத்து நாளுன்னுதான் சொன்னாரு. எல்லாத்தையும் மொத நாளே செஞ்சு காட்டிப்புட்டோமுங்க. உங்களுக்குச் சொல்லித்தர எங்கிட்ட ஒண்ணுமில்லைன்னு அடுத்த நாளே பஸ் ஏறிப் போயிட்டாருங்க."

தேன்மொழி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்களாச்சும் பத்து நாளும் எங்ககூட இருப்பீங்கன்னுதான் சார் விழுந்தோம்."