படகுக்கு அடியில் இருப்பவன்

நேசம்மாள் ஏறும் படகில் இனி நாங்கள் ஏறமாட்டோம் என்று மற்றப் பெண்கள் சொல்லிவிட்டார்கள்.

தேங்காப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில், ஆட்களை அக்கரை சேர்க்கும் இரும்புப் படகு அது. யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் விட்டது. பல கை மாறி, போன மாதம்தான் இப்போதைய முதலாளி கிளீட்டஸிடம் வந்தது. அதற்குள் இந்த வம்பு.

தினமும் சாயங்காலம் படகைக் கட்டியதும் நேசம்மாள் இடுப்பளவு தண்ணீரில் இறங்குவாள். பின்பக்கம் போய், அடியில் கையை விட்டுத் தடவுவாள். தடவிக்கொண்டே யாரிடமோ பேசுவாள். சில நாள் சிரிப்பாள்.

மீன் விற்கிற பூங்கனி ஒருநாள் அதே இடத்தில் கையை விட்டுப் பார்த்திருக்கிறாள். ஏதோ ஒரு கட்டி. மேலெல்லாம் பொத்தல். பிறகு பார்த்தபோது அது சிறுத்திருந்ததாம்.

"கடிச்சு வச்ச மாதிரி இருக்கு முதலாளி. அவதான் வந்து வந்து தின்னுட்டுப் போறா."

அன்றைக்குப் பாதிப் பெண்கள் ஏறாமலே திரும்பிப் போனார்கள்.

அது என்ன எழவானாலும் உளியை வைத்துப் பெயர்த்துவிடும்படி கிளீட்டஸ், ஆரம்பத்திலிருந்தே படகை ஓட்டும் டிரைவர் வைகுண்டராஜனிடம் சொன்னார். டிரைவர் மறுத்துவிட்டார். அது துத்தநாகக் கட்டி. ராப்பகலாகத் தண்ணீரில் கிடக்கும் இரும்பை உப்பு தின்றுவிடும். இதைச் சேர்த்துப் பிடிப்பித்தால் இரும்பை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் தின்னும், அதனால்தான் சிறுக்கிறது என்றார். எடுத்தால் படகின் அடி ஓட்டையாகிவிடுமாம்.

"செரி. அவ என்னத்துக்கு அதுகிட்ட வந்து பேசுறா?"

டிரைவர் ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கிளீட்டஸ் படகுக்குள் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கலங்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் காலுக்குக் கீழே இருந்து ஒரு குரல் வந்தது.

"பாதிகூட இல்லியே, மக்கா. நோவுதா? இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ."

அவர் விளிம்பைப் பிடித்து எழுந்தார். எட்டிப் பார்த்து, யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டார். நேசம்மாள் திடுக்கிடவில்லை.

"எம் மவன்கிட்ட."

கிளீட்டஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

சேலையைப் பிழிந்தபடி அவள் சொன்னாள். மகன் கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்தான். காய்ச்சலில் செத்தான். துத்தநாகத் தகட்டுப் பெட்டியில் அடைத்து ஈயம் பூசி அனுப்பியிருந்தார்கள். முகத்தைப் பார்க்காமல் மண் போட விடமாட்டேன் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால் பெட்டியை வெட்டித் திறந்து, வேறு மரப்பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள். அந்த வருஷம் படகின் அடி அரிக்கத் தொடங்கியிருந்தது. துத்தநாகம் எங்கேயும் கிடைக்கவில்லை. பெட்டியின் மூடியை இவளே தலையில் சுமந்து வந்து கொடுக்க, டிரைவர் உருக்கி அந்தக் கட்டியாக வார்த்திருக்கிறார்.

மகனின் பெட்டியைக் கொடுக்க மனசு எப்படி வந்தது என்று கிளீட்டஸ் கேட்டார்.

"பூங்கனிக்க பிள்ளையளும் இதுலதானே பள்ளிக்கூடத்துக்குப் போவுது. இது தீந்துபோச்சுண்ணா சொல்லணும், முதலாளி. பெட்டிக்க பாக்கித் தகடு எங்க வீட்டுல கெடக்கு."