போடாத கிரெப்ஸ்

ரென்ஃபோர்ட் வலது கிரெப்பைத் தூக்கி, உள்ளே மூக்கை நுழைத்து, ஒரு மூச்சு இழுத்தான்.

உடனே தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"சீ! உள்ள எலி ஏதாவது செத்துக் கிடக்கா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

குரோய்டனில் அந்த மண்டபத்துக்குச் சனிக்கிழமைகளில் வருகிற யாரும் ஷூ என்று சொல்வதில்லை. ஷூ என்பது அப்பாக்கள் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போவது. இது கிரெப்ஸ். இங்கே வாங்கலாம், விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எந்த ஜோடியும் முதலில் ரென்ஃபோர்டின் மூக்கைக் கடந்தாக வேண்டும்.

போலி செய்கிறவர்கள் தையலை அச்சு அசலாகப் போட்டுவிடுகிறார்கள். பெட்டியையும்கூட. பசையின் வாசனைதான் இன்னும் அவர்களுக்குக் கைவரவில்லை. அசலில் அது புதுப் பொம்மை போல லேசாக வரும். போலியில் மண்ணெண்ணெய் போலக் கண்ணைக் கரிக்கும்.

இது போலி இல்லை. அதைவிடக் கேவலம். யாரோ போட்டுக் கழற்றியதைப் புதிது என்று இந்தப் பெண் விற்கக் கொண்டுவந்திருக்கிறாள்.

"நான் போடவே இல்ல ப்ரோ," என்றாள் இஃபியோமா. பத்தொன்பது வயது இருக்கும். "பரீட்சை முடிஞ்சதுக்கு எனக்கு நானே வாங்கிக்கிட்டது. அன்னிலேருந்து காத்துப் புகாத கவர்லதான் இருக்கு. காலே படல."

"காலே படலையாம்! அப்ப இது கை நாத்தமா தங்கச்சி?"

மறுபடி சிரிப்பு. அவளிடம் வாங்க வந்திருந்த பையன் ஓரடி விலகி நின்றான். பொய்க்காரி என்று ரென்ஃபோர்ட் சொல்லிவிட்டால், அவள் இனி இந்த மண்டபத்துக்குள் வர முடியாது. தென் லண்டனில் அவளிடம் யாரும் ஒரு லேஸ்கூட வாங்க மாட்டார்கள்.

வேர்வை மேலே தங்குவதில்லை. துடைத்தால் தோல் பளபளத்துவிடும். ஆனால் அது விரல்நுனிப் பக்கமாக, உள் அட்டையின் பஞ்சுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். காற்றுப் புகாமல் மூடி வைத்தால் போகாது, ஊறும். இவள் பத்திரமாக வைத்ததுதான் நாற்றத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறது.

ஊறிய நாற்றத்தில் ஆளையே சொல்லிவிடலாம். கூட்டம் அதைத்தான் எதிர்பார்த்தது. ரென்ஃபோர்ட் உள் அட்டையை விரலால் நெம்பி எடுத்தான். மூக்கோடு ஒட்டி, கண்ணை மூடி இழுத்தான்.

"ஆம்பளக் கால்," என்றான் உரக்க. "சாக்ஸ் கிடையாது. விடிய விடிய ஆடியிருக்கான். புளிச்ச பால் மாதிரி... உவ்வே! விரலிடுக்குல சேத்துப்புண் வேற. அதுக்கு என்னமோ தடவி..."

நிறுத்தினான்.

கிராம்பு. கற்பூரம். ஜமைக்காவிலிருந்து சித்தி அனுப்பும் பே ரம் என்ற வாசனைத் தைலம்.

அப்படி ஒரு கலவை எந்த மருந்துக் கடையிலும் கிடையாது. அவனுடைய அம்மா சமையலறையில் கலக்கித் தருவது. இந்த நிமிஷமும் அவன் கால்விரல்களுக்கு நடுவே அதுதான் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது.

சில வருஷங்களுக்கு முன், தங்கை கல்யாணத்துக்கு இதே ஜோடியை அவன் ஒரே ஒரு ராத்திரி போட்டான். ஈரத்துணியால் துடைத்தான். வாங்க வந்தது பள்ளிச் சீருடையில் யாரோ ஒரு பெண். காலே படாதது என்று சொல்லித்தான் கொடுத்தான். அவள் முகத்தைக் கவனிக்கவில்லை.

அட்டையைக் கீழே வைக்கக் கை வரவில்லை.

போட்டதைப் புதிது என்று கொண்டுவருகிறவர்களிடம் அவன் அடுத்து என்ன கேட்பான் என்று மண்டபத்துக்கே தெரியும். எல்லோரும் அதற்காகக் காத்திருந்தார்கள்.

இஃபியோமா அவன் கையிலிருந்து அட்டையை வாங்கினாள். ஒருமுறை முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்தாள்.

"கேளு ப்ரோ," என்றாள். "எல்லார்கிட்டயும் கேப்பியே, யார்கிட்ட வாங்கினேன்னு. என்கிட்டயும் கேளு. சத்தமாக் கேளு."