ஈழத்து அலரிக்கு வந்த நோய்

இது போன வருஷத்து மழைக்கு முன்பு நடந்ததா, அதற்கும் முந்தியதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் கடையின் போர்டு நினைவில் ஒரு சமயம் பச்சையாக வருகிறது, ஒரு சமயம் சிவப்பாக. அதில் வியப்பில்லை. அந்த போர்டை யாரும் முழுசாகப் பார்த்ததே கிடையாது. சக்திவேலின் துயரமே அதுதான்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்துப் பட்டுக்கடை வைத்திருந்தார் அவர். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். தி.நகரில் அண்ணன் கடையில் பாதி ஆயுள் துணி மடித்துவிட்டு, முதல்முறையாகத் தன் பெயரில் திறந்த கடை. வாசலில் அழகுக்காக வளர்த்த இரண்டு ஈழத்து அலரி மரங்கள். 'சக்திவேல்' என்பதை அவை முழுசாக விழுங்கிவிட்டு, 'பட்டு' என்பதில் 'ட்டு'வை மட்டும் தெருவுக்கு விட்டுக்கொடுத்தன. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஜனம் எதிர்ச்சாரிக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்தத் தீபாவளியும் போனால் மறுபடி அண்ணன் கடையில் மடிக்க வேண்டியதுதான்.

மாடியில் வீட்டுக்காரி விஜயலக்ஷ்மி. வீணை சொல்லிக்கொடுப்பவர். மரங்கள் அவர் நட்டவை.

"நாலு கிளையை மட்டும் கழிச்சுக்கிடுதேன் மாமி."

"ஒரு இலை மேல கை வெக்கப்படாது. நோய் வந்து பட்டுப்போனா வெட்டிக்கோங்கோ. அதுவரைக்கும் இந்தப் பேச்சே வேண்டாம்."

மரம் பட்டுப்போனால்தான் பட்டு விலைபோகும் என்று சக்திவேலுக்குப் புரிந்தது. 'நோய்' என்ற சொல்லைச் சில நாள் மென்றுகொண்டே இருந்தார். பிறகு அய்யாதுரை என்ற ஆளைத் தேடிப் பிடித்தார்.

மாமி ஒரு கல்யாணத்துக்கு ஸ்ரீரங்கம் போயிருந்தபோது வேலை நடந்தது. அய்யாதுரை ஏணியும் ஒரு டப்பாவுமாக வந்தார். சீரியல் லைட் கட்ட அளவெடுப்பதாகப் பக்கத்துக் கடையில் சொல்லி வைத்தார்கள்.

"இன்னா அண்ணாச்சி, எவ்ளோ சீக்கு வேணும்?"

"இனிமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு டாக்டர் சொல்லுவாரு பாரு, அந்த அளவுக்கு."

"அப்போ அடி இலையிலேர்ந்து ஆரம்பிக்கிறேன். எடுத்த எடுப்புல உச்சில கீதுன்னா படிச்சவன் நம்ப மாட்டான். ஆனா ஒண்ணு, மழை கிழை வந்தா என்னிய கேக்காத."

மாமி திரும்பி வந்தபோது இலைகளின் அடிப்பக்கமெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். மேல்பக்கம் மஞ்சள் திட்டு. அன்று மாடியில் வீணைச் சத்தம் கேட்கவில்லை. சக்திவேல் கண்ணாடி முன் பழகி வைத்திருந்த சோகத்தோடு படியேறினார்.

"பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டு இருந்தேன் மாமி. இப்பிடி ஆயிப்போச்சே."

"யாராவது படிச்சவா வந்து பாக்கட்டும். என்ன பூஞ்சைன்னு தெரியாம வெட்ட விடமாட்டேன்."

இதைச் சக்திவேல் எதிர்பார்க்கவில்லை. மாமியிடம் வீணை கற்றவளின் அக்கா மதுமதி வந்தார். மரங்களுக்கு வரும் நோய்களை ஆராய்வது அவர் வேலை. பேசுவது மிகக் குறைவு. கல்லா மேஜையிலேயே மைக்ராஸ்கோப்பை வைத்தார். செலோடேப்பை இலையில் ஒட்டி எடுத்து, கண்ணாடித் துண்டில் பதித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வேறு இலையை எடுத்துப் பார்த்தார்.

காபி ஆறியது. புடவை பார்க்க வந்த ஒரு அம்மாள், ஏதோ துக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனார். அந்தக் கண்ணாடித் துண்டில் தன்னையே வைத்துப் பார்ப்பது போல் இருந்தது சக்திவேலுக்கு.

"பூஞ்சைதான்," என்றார் மதுமதி கடைசியில்.

சக்திவேலுக்கு மூச்சு திரும்ப வந்தது. "அப்ப வெட்டிரலாமா மேடம்? மனசு கேக்கல, இருந்தாலும்..."

"வெட்டவே கூடாது. கத்தி பட்டா காத்துல கிளம்பிடும். இந்த வகைக்குப் பட்டுத் துணின்னா உசுரு. கடையில ஒரு புடவை மிஞ்சாது."

மாமி வாயைப் பொத்திக்கொண்டார்.

"இலை இலையா அடிப்பக்கத்தைச் சோப்புத் தண்ணில துடைக்கணும்," என்றார் மதுமதி. "கை மாறக்கூடாது, ஒரே ஆள்தான் செய்யணும். சார் பிள்ளை மாதிரி வளர்க்கிறாராமே. அவரே செய்யட்டும்."

"சீரியல் லைட்டு கட்டலாம்ல?"

"சூடு ஆகாது. போன நோய் திரும்பி வந்துதுன்னா, கீழ்த்தளத்தையே காலி பண்ணிப் புகை போடவேண்டி வரும். நான் அப்பப்போ வந்து பார்க்கிறேன்."

"தெய்வமாப் பாத்து உங்களை அனுப்பியிருக்கு," என்றார் மாமி.

ஆட்டோ வரை கூடப் போனார் சக்திவேல். பொறுக்க முடியவில்லை.

"மேடம், நெசமாவே பூஞ்சைதானா? நல்லாப் பாத்தீயளா?"

"ஏன் சார், வேற ஏதாவது இருக்குமோன்னு உங்களுக்குச் சந்தேகமா?"

அதற்குச் சொல்ல அவரிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை.

"அதும் பேரையாவது சொல்லுங்க."

"கோடம்பாக்கென்சிஸ். எந்த ஊர்ல இருந்து வந்ததோ, அந்த ஊர் பேரை லத்தீன்ல வைப்போம்," என்று சொல்லி ஆட்டோவில் ஏறிக்கொண்டார் மதுமதி.

மரங்கள் குணமாகிவிட்டன. மாமி அந்த லத்தீன் பெயரை வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறார். மதுமதி சொன்னபடி அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போகிறார். தீபாவளியை ஏணிமேல் கழித்த சக்திவேல், அண்ணன் கடைக்கே திரும்பிவிட்டார்.

அய்யாதுரை மட்டும் பழைய வேலையிலேயே இருக்கிறார். சினிமா செட்டுகளில் பச்சை மரத்துக்குப் பழுப்பு பெயின்ட் அடிக்கும் வேலை.