ஆறாவது போல்ட்

விசைப்படகின் பின்பக்கம் புரொப்பல்லரைச் சுமக்கும் டிரைவை ஆறு போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருந்தன. ரிப்பேருக்காக அதைக் கழற்ற வந்த ஸ்பேனர் ஐந்தைச் சுலபமாகக் கழற்றிவிட்டது. ஆறாவது போல்ட் கை நுழையாத மூலையில் துருவேறி இருந்தது. ஸ்பேனர் மூன்று தடவை வழுக்கியது. மெக்கானிக் லூர்துராஜின் விரலில் தோல் உரிந்தது.

ஸ்பேனருக்குக் கோபம் தலைக்கேறியது. "மத்த அஞ்சு பேரும் ஒழுங்கா வந்தாங்கல்ல? உனக்கு மட்டும் என்னடா இவ்வளவு திமிரு?"

"திமிரா?" என்று சீறியது போல்ட். "வருஷா வருஷம் அவங்களுக்கெல்லாம் கிரீஸ் தடவினீங்க. என்னைக் கை எட்டலைன்னு விட்டுட்டீங்க. இன்னைக்குக் கழட்டணும்னா மட்டும் கை எட்டுதோ?"

ஸ்பேனர் மறுபடி அதன் தலையைக் கவ்வியது. லூர்துராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்க, போல்ட் அலறியபடி கழன்று வந்தது.

ரிப்பேர் முடிந்து திரும்பப் பூட்டும்போது, ஐந்து போல்ட்டுகளுக்கு வழிய வழிய கிரீஸ் பூசினார் லூர்துராஜ். ஆறாவதைக் கையில் எடுத்தபோது டப்பா காலி.

"உள்ளே கிடக்கிறதுதானே, யார் பார்க்கப் போறா?" என்று அப்படியே முடுக்கினார்.

"இப்போ அவர் கையிலேயேதானே இருந்தேன்?" என்றது போல்ட்.

ஸ்பேனருக்கு லூர்துராஜ் மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் முடுக்கிக்கொண்டேதான் இருந்தது. "அடுத்த தடவை நான் வரும்போது..." என்று ஆரம்பித்தது.

"அடுத்த தடவை நீ வரமாட்டே," என்றது போல்ட். "ரம்பம்தான் வரும்."