கரண்டு பரீது வீட்டு ஓவன்

ஓவன் வந்து இறங்கி ஒரு மாதம் ஆகப்போகிறது. இன்னும் அதற்கு ஒரு பிளக் மாட்ட ஆளில்லை. அதுவும் யார் வீட்டில்? கரண்டு பரீது வீட்டில்.

ஷார்ஜாவில் இருபது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு, போதும் என்று தென்காசிக்கே திரும்பி வந்தவர் பரீது. மற்றவர்கள் டிவியும் கம்பளியும் கொண்டுவருவார்கள். இவர் கார்கோவில் பெரிய ஓவன் ஒன்றை அனுப்பிவைத்தார். மனைவி நஸீபா கேக் செய்து விற்கட்டும் என்று எண்ணம்.

ஓவனின் வயர் கட்டைவிரல் தடிமன் இருந்தது. நுனியில் பிளக் கிடையாது. மூன்று கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது, சாரலில் சுவரெல்லாம் ஈரம், ஈரச் சுவரில் கரண்டு வேலை ஆகாது என்றார் பரீது. நல்ல வெயில் அடித்தது. இந்த ஊர் வோல்டேஜை நம்ப முடியாது என்றார். அதற்கு ஒரு ஸ்டெபிலைசர் வந்து சேர்ந்தது. இப்போது எர்த்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

பக்கத்துத் தெரு இசக்கிமணியைக் கூப்பிடட்டுமா என்று நஸீபா கேட்டபோது மட்டும் அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"கரண்டுக்காரன் வீட்டுக்குள்ள இன்னொரு கரண்டுக்காரன் வந்தா, ஊரு சிரிக்காதாட்டி?"

ஊர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தது. சிரிப்பைத் தொடங்கிவைத்தவள் பக்கத்து வீட்டு ஷரீபுன்னிசா. காலையில் அவள் காதில் விழுந்த செய்தி மதியத்துக்குள் தெருமுனை டீக்கடைக்குப் போய்விடும்.

ஓவன் இன்னும் சும்மா கிடக்கிறதே என்ற அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. மகள் சஃப்ரினுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். அச்சன்புதூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அதற்கான கேக்கை நஸீபாவிடம்தான் சொல்லியிருந்தாள். நஸீபாவுக்கு அது முதல் ஆர்டர்.

வெள்ளிக்கிழமை ஷரீபுன்னிசா வாசலிலேயே வந்து நின்றுவிட்டாள்.

"ஏட்டி, உன் வீட்டுக்காரரு பிளக்கு மாட்டுதாரா, இல்ல நான் பேக்கரில சொல்லிரட்டுமா? எங்க வீட்டு ஆளும்தான் ரியாத்துல இருக்காவ. பெரிய கம்பெனில மேனேஜரு. ஒரு வேலையைச் சொன்னா அங்கன இருந்தே போன்ல முடிச்சுக் குடுத்துருவாவ."

உள்ளே பரீது பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நஸீபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் ஆர்டரே கைவிட்டுப் போனால் இந்த ஊரில் யார் தன்னை நம்பிக் கேக் சொல்வார்கள், நாளை ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் லாத்தா என்று கெஞ்சினாள்.

சனிக்கிழமை காலை நஸீபா வாசலுக்கு வந்து தெருவுக்கே அறிவித்தாள்.

"மச்சான் இன்னைக்கு பிளக்கு மாட்டுதாவ. யாரும் உள்ள வந்துராதிய, ஷாக் அடிச்சுரும்."

கதவு சாத்தப்பட்டது. சாயங்காலம் தெரு முழுக்கக் கேக் வாசனை.

நிச்சயத்துக்கு வந்தவர்கள் பிரியாணியை விட்டுவிட்டுக் கேக்கைப் பற்றியே பேசினார்கள். மாப்பிள்ளையின் தாயார் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கல்யாணத்துக்கும் இதே கேக்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார். ஆண்களெல்லாம் பரீதின் இருபது வருஷ சர்வீஸைப் புகழ்ந்தார்கள். பெண்களெல்லாம் நஸீபாவின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடக்கமான குடும்பம் என்று அதற்கும் சேர்த்துப் பாராட்டு கிடைத்தது.

மறுநாள் ஷரீபுன்னிசா ஒரு இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பரீது வீட்டுக் கொல்லைப்பக்கமாக வந்தாள். அதன் பிளக் கருகியிருந்தது. அப்படியே கல்யாணக் கேக்கையும் பேசிவிடலாம் என்று நினைத்தாள். அடுப்படி ஜன்னலருகே பேச்சுக்குரல் கேட்டதும் நின்றாள். நிற்காமல் போனால் அவள் ஷரீபுன்னிசாவே இல்லை.

உள்ளே நஸீபா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஓவன் பிளக்கைத் திறந்துவைத்து ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருந்தாள். பரீது கைலிக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு பெரிய பாத்திரத்தில் முட்டையை நுரை பொங்க அடித்துக்கொண்டிருந்தார். என்ன வேகம், என்ன லாவகம்.

"பிளக்கு சூடாகுதேன்னு பாத்தா, எர்த்து நல்லாத்தான் இருக்கு, மத்த ஸ்க்ரூ லூசு" என்றாள் நஸீபா. "நீங்க ஊர்ல இல்லாத இத்தனை வருசமும் ஃபியூஸ் போட்டது, மோட்டாருக்கு வயர் மாத்துனது எல்லாம் யாரு, நான்தானே? ஷார்ஜால பேக்கரி வேலைன்னு முதல்லயே சொல்லியிருந்தா, ஓவன் வந்த அன்னைக்கே மாட்டியிருப்பேன்லா மச்சான்."

பரீது பாத்திரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உன்னைப் பொண்ணு கேட்டு வந்தப்பவே எங்க வீட்டுல எலக்ட்ரீஷியன்னு சொல்லிட்டாவளேட்டி. பொறவு மாவு பிசையுதேன்னு எந்த வாயால சொல்ல?"

ஷரீபுன்னிசா வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த சீசன் முழுக்கத் தெருவுக்குத் தாங்கும் செய்தி இது.

சத்தமில்லாமல் திரும்பினாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, டீக்கடை வரை கேட்கும் குரலில் சொன்னாள்.

"பரீதண்ணே, இந்த இஸ்திரிப்பெட்டிய இங்கன வச்சுட்டுப் போறேன், பிளக்கு மாட்டிக் குடுங்க. உங்க கை பட்டாத்தான் அது நிக்கும். நஸீபா, கல்யாணக் கேக்கும் நீதாம்ட்டி போடணும்."

பதிலுக்குக் காத்திராமல் நடந்தாள். டீக்கடைப் பக்கம் போகாமல் நேராகத் தன் வீட்டுக்கு வந்தாள். அப்போதுதான் ரியாத்திலிருந்து கணவர் சேக் தாவூதின் போன் வந்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அந்த ஒரு போனுக்கு மட்டும் அவள் குரல் எப்போதும் தெருவுக்குக் கேட்டதில்லை.

"இன்னைக்கும் லோடு இறக்குத வேலைதானா? இடுப்புக்குத் தைலம் தேச்சியளா?"