முதல் ஸ்டூல்

கலவைக்காரன் புது ஸ்டூல்மேல் ஏறி நின்றான். கீழே நின்ற அவன் மனைவி ஸ்டூலின் கால்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்தப் பட்டறையில் அதுதான் வழக்கம். எடை வைத்துப் பார்க்க இயந்திரம் இருந்தது. முதலாளிக்கு அதில் நம்பிக்கை இல்லை. கலவை போட்டவனே முதல் ஸ்டூலில் ஏறிக் குதிக்க வேண்டும். அது தாங்கினால்தான் மிச்சக் கலவை அச்சுக்குப் போகும்.

சோளத்திலிருந்து எடுத்த பிளாஸ்டிக். மண்ணில் போட்டால் மக்கிவிடும். ஆனால் தனியாக ஆள் பாரம் தாங்காது என்பதால் வாழைநார் சேர்ப்பார்கள். நாரைக் காயவைப்பது அவள் வேலை.

நேற்று அவனுக்கு முன்னால் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் நாரைப் பாதியிலேயே ஓவனிலிருந்து எடுத்துக் கலவை அறையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கைக்குக் காய்ந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் உள்ளே ஈரம் இருக்கும். அச்சின் சூட்டில் அது ஆவியாகி, பிளாஸ்டிக்குக்குள் குமிழ் குமிழாகத் தங்கிவிடும். வெளியே பளபளவென்றுதான் இருக்கும்.

சொல்லிவிடலாம். சொன்னால் வேலை போய்விடும். இன்னொரு தடவை நார் கெட்டால் வீட்டோடு இருந்துகொள் என்று முதலாளி போன மாதமே முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்.

சொல்லாவிட்டால்? அவன் தொடையில் கம்பி வைத்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. படி இறங்கும்போதே பார்த்து இறங்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

அவன் குதிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற முதலாளியைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

“இப்படிக் கண்ணு வெச்சா ஸ்டூல் எப்படிம்மா தாங்கும்?” என்றார் அச்சுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

அவன் குதித்தான். ஸ்டூல் முனகியது. மறுபடி, இன்னும் ஓங்கிக் குதித்தான். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

கைதட்டல் கேட்டது. ஸ்டூலில் ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லோரையும் தள்ளிக்கொண்டு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

“நேத்து நீ போனப்புறம் நாரை நிறுத்துப் பாத்தேன். எடை கூட இருந்துச்சு. ஈரம். மறுபடி காயவெச்சுதான் கலந்தேன். நீ வாயத் திறந்து சொல்லுவேன்னு மேல அவ்ளோ நேரம் நின்னேன்.”

குரலில் கோபமே இல்லை. சாயங்காலம் இருவரும் ஒரே வண்டியில்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.