நீலக் கட்டம் போட்ட சட்டை

பெண் பார்க்க வரும் நாளிலாவது பெண்ணாக இருக்கட்டும் என்று, பூர்ணிமாவின் பேண்ட், சட்டைகளை அள்ளிக் கொல்லைப்பக்கம் வீசியிருந்தாள் அம்மா வாசுகி. மகளின் கிராப்புத் தலையில் ஒட்டுமுடியைக் கட்டி மல்லிகையால் மறைத்தாள். பீங்கான் கம்பெனியில் தட்டு தூக்கிக் காய்த்துப்போன கையில் வளையல் ஏற மறுத்தது.

"வலிக்குதும்மா."

"வலிக்கட்டும். மாப்பிள்ளையோட அத்தை முன்னாடியே வந்து கூடத்துல உக்காந்துருக்காங்க. மெதுவா பேசு."

வாசலில் பைக்குகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வாசுகி போய்ப் பார்த்தாள். மூன்று முரட்டு ஆட்கள். ஒருவன் கையில் இரும்புக் கம்பி.

"நீலக் கட்டம் போட்ட சட்டை, செவப்பு பைக்கு. இந்த வூட்டுப் பையன்தானே?"

"எதுக்குங்க கேக்குறீங்க?"

"எங்க தங்கச்சிய தெனம் கம்பெனிலேர்ந்து பின்னாடி உக்கார வெச்சிக் கூட்டிக்கினு போறான். அவங்கிட்ட கொஞ்சம் பேசணும்."

வாசுகி கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அது பையன் இல்லை, என் பொண்ணுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் கூடத்தில் அத்தை காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்படி யாரும் இங்க இல்லீங்க."

"சரி. ரோட்ல மாட்டாமலா போயிடுவான்?"

பைக்குகள் கடைத்தெருப் பக்கம் திரும்பின. தப்பித்தோம் என்று வாசுகி உள்ளே வந்தாள்.

"ஸ்வீட் வாங்கப் போன ஒன் தம்பிய இன்னும் காணோமே?"

பூர்ணிமா வளையலோடு போராடியபடியே சொன்னாள்.

"வந்துடுவாம்மா. என் பைக்கதான் எடுத்துக்கினு போனான். நீ வீசுன நீலச் சட்டய மாட்டிக்கினு."